கார்டில் காணாமல் போன அக்கா

மகேன்,

கல்யாணக் கார்டு வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை மாலை நீ இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஹாலில் இறக்கிவைத்து, "சூப்பரா வந்திருக்கு மா, பிரிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் காரை எடுத்துக்கொண்டு ஓடினாயே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஏதாவது செய்துவிட்டு வந்தால்தான் நீ என் முகத்தைப் பார்க்காமல் ஓடுவாய். ஆறு வயதிலும் அப்படித்தான், முப்பத்தொரு வயதிலும் அப்படித்தான். பெட்டியைப் பிரித்தேன். தாள் நன்றாக இருக்கிறது. எழுத்து நன்றாக இருக்கிறது. நான் வாட்டர்கலரில் வரைந்த மோரிப் கடற்கரை முன்பக்கம் முழுவதும் விரிந்து கிடக்கிறது. சவுக்கு மரங்கள் இருக்கின்றன, சேறு இருக்கிறது, நீயும் ரேணுவும் கைகோத்து நடந்து போகிறீர்கள். உன் அக்காவைத்தான் காணோம்.

முதலில் என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பிறகு சுவரில் மாட்டியிருந்த அசல் படத்தைக் கழற்றி வந்து, சாப்பாட்டு மேசையில் கார்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அசலில் இடது பக்கம், தண்ணீர் தொடங்கும் இடத்தில், மஞ்சள் பஞ்சாபி சூட் போட்டுக்கொண்டு நமக்கு முதுகைக் காட்டியபடி சாந்தினி நிற்கிறாள். கட்டைவிரல் நகம் அளவுதான் இருப்பாள். கார்டில் அந்த இடத்தில் வெறும் சேறு. ஈர மண்ணில் அவள் பிம்பம் மஞ்சளாக விழுந்திருந்ததே, அதையும் விட்டுவைக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் அச்சுக்கடைக்காரர் கெட்டிக்காரர்தான். அங்கே ஒருத்தி நின்றாள் என்பதற்கு அடையாளமே இல்லாமல் செய்து கொடுத்திருக்கிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். சொன்ன வேலையைச் செய்தார். சொன்னவனிடம்தான் எனக்குப் பேச்சு.

இதை நான் தாளில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடப் போகிறேன். வீட்டு விஷயத்தை எல்லார் முன்னாலும் ஏன் போடுகிறீர்கள் என்று நீ குதிப்பாய். கார்டை நீ போட்டதும் அதே குழுவில்தானே. எல்லோரும் பார்த்தார்கள், பூப்படம் போட்டார்கள், வாழ்த்தினார்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தக் கடிதத்தில் உன் தப்பு மட்டும் இல்லை, என் தப்பும் வருகிறது. அதை நான் செய்தது ஊரைக் கூட்டிவைத்துக்கொண்டு. ஒத்துக்கொள்வதை மட்டும் உன் காதோடு ரகசியமாகச் சொன்னால் அது என்ன நியாயம்? உன் அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "என்னப் பத்தி எழுதுங்க, பரவால்ல. தம்பிய மட்டும் திட்டாதீங்க மா" என்றாள். அவள் கேட்டதில் பாதியைத்தான் என்னால் செய்ய முடியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மோரிப் போனது உன் யோசனைதான். "கல்யாண வேலையெல்லாம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால நாம மட்டும் ஒரு நாள் எங்கயாவது போயிட்டு வருவோம் மா" என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. ஷா ஆலமிலிருந்து உன் அக்கா விடிவதற்குள் வந்து, கிள்ளான் வீட்டுச் சமையலறையில் நின்று புளிச்சோறு கிளறினாள், கோழி பொரித்தாள். காரில் நீயும் ரேணுவும் முன்னால், நாங்கள் இருவரும் பின்னால். பந்திங் தாண்டும்வரை அவள் சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள், உன் புது கார் சீட்டில் எண்ணெய் படக்கூடாதாம். மோரிப்பில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. தே தாரிக் டீயின் நிறத்தில் கடல் எங்கேயோ தொலைவில் இருந்தது, இங்கே கரை முழுக்கச் சேறு. ரேணு சிரித்தாள். "ஆன்டி, இதப் போயா வரையப் போறீங்க?" நீ போனை அக்காவிடம் நீட்டி, "அக்கா, நீங்க எடுங்க, உங்களுக்குத்தான் நல்லா வரும்" என்றாய். அவளும் எடுத்தாள். நின்று, குனிந்து, முட்டிபோட்டு எடுத்தாள். உங்கள் இரண்டு பேரையும், என்னோடு சேர்த்து மூன்று பேரையும், மரத்தோடு, மரம் இல்லாமல். அன்றைக்கு எடுத்த ஒரு போட்டோவில்கூட அவள் இல்லை. யாருக்கும் போனை அவள் கையிலிருந்து வாங்கத் தோன்றவில்லை, எனக்கும்தான். பிறகு அவள் போனை உன்னிடம் கொடுத்துவிட்டுத் தனியாகத் தண்ணீரை நோக்கி நடந்து போனாள். நான் பாயில் உட்கார்ந்து பென்சிலை எடுத்தேன்.

அவள் ஏன் அங்கே போய் நின்றாள் என்று உனக்குத் தெரியுமா? உனக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினொன்று. அதே மோரிப், அதே மாதிரி தண்ணீர் வற்றிய நேரம். நீ நண்டைத் துரத்திக்கொண்டு ஓடி, தொடை வரை சேற்றில் புதைந்துபோய்க் கத்தினாய். நானும் உன் அப்பாவும் மரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தோம். நாங்கள் எழுந்து செருப்பைத் தேடுவதற்குள் அவள் ஓடிவிட்டாள். வயிறு மண்ணில் படும்படி படுத்து, உன் அக்குளில் கைகொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கரையேற்றினாள். அவள் செருப்பு இரண்டும் சேற்றோடு போயிற்று. புதுச் செருப்பு. நான் என்ன செய்தேன் தெரியுமா? உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, செருப்பைத் தொலைத்ததற்காக அவள் முதுகில் ஒன்று வைத்தேன். சூடான தார் ரோட்டில் வெறுங்காலோடு கார் வரைக்கும் வந்தாள். இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்தத் தடவை நீங்கள் போட்டோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது அவள் போய் நின்ற இடம் ஏறக்குறைய அதுதான். அதைத் தெரிந்துதான் நான் அவளை வரைந்தேன்.

என் படம் உனக்கு ஒரு பொழுதுபோக்கு. "அம்மா பிஸியா இருக்கிறது நல்லதுதான்" என்று ரேணுவிடம் நீ சொன்னது என் காதில் விழுந்தது. சனிக்கிழமைதோறும் கிள்ளானில் கம்யூட்டர் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் உட்கார்ந்து ஒன்றரை வருடமாகக் கற்றுக்கொள்கிறேன். சொல்லிக்கொடுக்கும் சீனப் பெண்ணுக்கு உன் அக்காவைவிட வயது குறைவு. "ஜாங்கான் லாவான் ஆயர், ஆன்டி" என்பாள், தண்ணீரோடு சண்டை போடாதீர்கள் என்று. எனக்கு அது கைவர ரொம்ப நாள் ஆயிற்று. சண்டை போடாமல் நான் எதைத்தான் செய்திருக்கிறேன்? மோரிப் படத்தை மூன்று நாள் வரைந்தேன். தாளைப் பலகையில் ஒட்டி நனைத்து, வானத்தை ஒரே இழுப்பில் இறக்கினேன். அந்தக் கடலுக்கு நீலம் எடுத்தால் பொய்யாகிவிடும். பழுப்பில் துளி நீலம் விட்டுக் கலக்கினேன். வாட்டர்கலரில் வெளிச்சமான இடத்தை முன்கூட்டியே நினைத்து, தாளைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும். சேற்றைப் பூசிவிட்டுப் பிறகு இடம் தேடினால் கிடைக்காது. உன் வெள்ளைச் சட்டைக்கு அப்படி ஓர் இடம் விட்டேன், அவள் நிற்கும் இடத்துக்கும் விட்டேன். எல்லாம் காய்ந்த பிறகு, கடைசியாக, மெல்லிய தூரிகையில் மஞ்சளை எடுத்து அவளை வைத்தேன். அதற்கு முன்னால் அங்கே சேறும் வானமும் மட்டும்தான் இருந்தன. அவள் வந்த பிறகுதான் அது படம் ஆயிற்று.

புதன்கிழமை வந்து படத்தைப் பார்த்துவிட்டு நீ குதித்தாய். "மா, கார்ட்ல இதையே போட்டுரலாம். வேற யாரு கார்ட்லயும் இப்படி இருக்காது." எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டு ஆன்டி வரைக்கும் சொல்லிவிட்டேன். மறுநாள் போன் செய்தாய். "மா, அந்த மஞ்சள மட்டும் கொஞ்சம் எடுத்துட முடியுமா? எங்க பேரு அந்தப் பக்கம் வருது, கண்ண உறுத்துது லா." நான் என்ன ஏது என்று கேட்கவில்லை, மகேன். இதைத்தான் நான் எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டும். கல்யாண மாப்பிள்ளை கேட்டுவிட்டான் என்று, ஈரத் தூரிகையையும் டிஷ்யூவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, பெற்ற பெண்ணை என் கையாலேயே துடைக்கப் பார்த்தேன். நனைத்தேன், ஒற்றினேன், மறுபடி நனைத்தேன். சில சாயம் தண்ணீர் பட்டால் எழுந்து வந்துவிடும். அந்த மஞ்சள் தாளுக்குள் ஊறிப்போகிற வகை. கொஞ்சம் வெளுத்தாளே தவிர போகவில்லை. தாள் திரிதிரியாகக் கிளம்ப ஆரம்பித்ததும் பயந்துபோய் நிறுத்தினேன். "வராதுடா, அப்படியே விட்டுடு" என்றேன். "சரி மா, நான் பாத்துக்கிறேன்" என்றாய். நீ பார்த்துக்கொண்ட லட்சணம்தான் இரண்டு பெட்டி நிறைய வந்து இறங்கியிருக்கிறது. கார்டை இப்போதும் எடுத்துப் பார். உங்கள் பெயர் வலது பக்கத்தில் இருக்கிறது. அவள் நின்றது இடது பக்கம்.

வெள்ளிக்கிழமையே போனில் கேட்டேன். முதலில் அச்சுக்கடைக்காரர் தலையில் போட்டாய். நான் விடவில்லை என்றதும் உள்ளதைச் சொன்னாய். "மா, டென்ஷன் ஆகாதீங்க. பொண்ணு வீட்டுல ஒரு மாதிரி ஃபீல் பண்றாங்க. அக்கா டிவோர்ஸ், எல்லாருக்கும் தெரியும். நல்ல காரியத்துல முதல் பக்கத்துலயே அவங்க தனியா நிக்கிற மாதிரி இருந்தா நல்லாவா இருக்கும்? தாலி முடிச்சுகூட பவானி போடட்டும்னு சொல்லிட்டேன். அக்கா புரிஞ்சிக்குவாங்க லா." மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, மீதி இரண்டையும் அவனுடன் பிறந்தவள் போடுவதுதான் நம் வழக்கம். உனக்கு உடன்பிறந்தவள் ஒருத்தி. அவளை விட்டுவிட்டு, சித்தி மகள் பவானியைக் கூப்பிட்டிருக்கிறாய், புருஷனோடு இருக்கிறாள் என்ற ஒரே தகுதிக்காக.  கோபத்தில் போனை வைத்தேன். பெண் வீட்டார் கேட்டுவிட்டார்கள் என்று நீ சொன்னதால், அன்று இரவு முழுக்க என் கோபத்தில் பாதியை ரேணுவின் அம்மா மேல் வைத்திருந்தேன்.

மறுநாள் அவர்கள் பங்குக் கார்டை எடுத்துப்போக ரேணு வந்தாள். பெட்டியைத் திறந்து ஒரு கார்டைக் கையில் எடுத்தாள். நான் காபி கலக்குகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். பின்னாலேயே வந்து நின்றாள். "ஆன்டி, அக்கா எங்க?" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். "இல்ல ஆன்டி, பெயிண்டிங்ல மஞ்சள் போட்டுக்கிட்டு நின்னாங்களே. நான் அத போட்டோ எடுத்து எங்க அம்மாகிட்ட காட்டினேன். இது யாருன்னு கேட்டாங்க. அவரோட அக்கான்னேன். ஓ, முடிச்சுப் போடப் போறவங்களான்னாங்க." நீ சொன்னதை அவளிடம் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. "எங்க வீட்டுல யாருமே அப்படிச் சொல்லலியே ஆன்டி" என்று மூன்று தடவை சொன்னாள். காபி ஆறிப்போயிற்று. அன்றைக்கு அவள் கார்டை எடுத்துப்போகவில்லை.

ஆக, யாரும் கேட்கவில்லை. யாராவது கேட்டுவிடுவார்களோ என்று நீயாகவே முந்திக்கொண்டு உன் அக்காவை எடுத்துக் கொடுத்திருக்கிறாய். யாராவது கேட்டு ஒருவன் செய்தால் கோழை என்று விட்டுவிடுவேன். கேட்காமலே செய்கிறவனை என்னவென்று சொல்வது? அந்தப் பழியையும் ஒரு பாவமும் அறியாத சம்பந்தி வீட்டார் மேல் போட்டிருக்கிறாய். ஒன்று கேட்கிறேன். உன் அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. நானும் தாலி இல்லாதவள்தான். என்னை மேடையில் நிற்கச் சொல்லியிருக்கிறாய், பட்டுப் புடவை எடுத்துக் கொடுத்திருக்கிறாய். படத்தை வரைந்தவள் என்பதால் படத்தில் நான் இல்லை. இருந்திருந்தால் என்னையும் எடுத்திருப்பாயா? இல்லை, அம்மா என்றால் வேறு கணக்கா?

சாந்தினி குழுவில் உன் கார்டுக்குக் கட்டைவிரல் படம் போட்டிருந்தாள். எல்லோருக்கும் முன்னால் போட்டது அவள்தான். நான் போன் செய்தபோது ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தாள். "பாத்தேன் மா. விடுங்க. அன்னிக்கு காலையில எனக்கு டியூட்டி போட்டுக்கிறேன், சாயங்காலம் டின்னருக்கு வந்துர்றேன். யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க" என்றாள். தம்பி தாலி கட்டுகிற நேரத்தில் யாரோ ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பாளாம். நான் கத்தினேன். அவள் கத்தவில்லை. "இல்லன்னா பாக்கியம் அத்த மாதிரி பின்னால உக்காந்துக்கிறேன் மா. எனக்கு ஒன்னும் இல்ல" என்றாள். அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, அத்தை ஏன் பின்னால் உட்கார்ந்தாள் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

இனி என் கதைக்கு வருகிறேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் உன் அக்கா கல்யாணம். உன் அப்பாவின் தங்கை பாக்கியம், உன் அத்தை, மாம்பழக் கலரில் பட்டுக் கட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே மண்டபத்துக்கு வந்துவிட்டாள். நான் ஷா ஆலம் தொழிற்சாலையில் கிராணியாக, குமாஸ்தா வேலை பார்த்த பதினேழு வருடமும் பள்ளி விட்டு வந்த உங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டவள் அவள். உனக்குத் தண்ணீரம்மை கண்டபோது என் லீவு முடிந்துவிட்டது, அவள்தான் இரண்டு வாரம் கூட இருந்தாள். புருஷன் செத்தபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. கல்யாணத்தன்று அவள் உரிமையோடு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். அவர்கள் பேசியது அவளைப் பற்றித்தானா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் உன்னைக் கூப்பிட்டேன். உனக்கு அப்போது இருபத்திரண்டு. உன் தோளைத் தொட்டு, "அத்தைய கொஞ்சம் பின்னால போய் உக்காரச் சொல்லுடா" என்று காதில் சொல்லி அனுப்பினேன். உன் அப்பா பார்த்துக்கொண்டுதான் நின்றார். சொந்தத் தங்கை. அவரும் வாயைத் திறக்கவில்லை. அத்தை எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு, பின்னால் போனாள்.

அந்தக் கல்யாணத்தில் நான் ஒரு குறை வைக்கவில்லை. ஒன்பது சுமங்கலிகள் வந்து தாலியைத் தொட்டுக் கொடுத்தார்கள். முடிச்சுப் போட்ட நாத்தனாருக்குக் கணவன், இரண்டு பிள்ளைகள், எல்லாம் இருந்தது. மூன்று முடிச்சும் சரியாகத்தான் விழுந்தது. நாலே வருடத்தில் உன் அக்கா உதடு கிழிந்து, ஒரு துணிப்பையோடு, கொட்டுகிற மழையில் தானே கார் ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். சுமங்கலிகளின் கை என்ன செய்தது? அதற்குள் உன் அப்பாவும் போய்ச் சேர்ந்திருந்தார். ஒரு வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில் குங்குமத் தட்டு என் பக்கத்து நாற்காலி வரை வந்து, என்னைத் தாண்டி, அந்தப் பக்கத்து நாற்காலிக்குப் போனது. அன்றைக்கே எனக்குப் பாக்கியத்தின் நினைவு வந்தது. வந்தும் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீம்பு. பார்க்கும்போதெல்லாம் நன்றாகத்தானே பேசுகிறாள், மறந்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை கிராப் டாக்சி பிடித்துச் செமினிக்குப் போனேன். அத்தை இப்போது மகன் வீட்டில் இருக்கிறாள், உனக்குத் தெரியும். படத்தையும் கார்டையும் பையில் வைத்துக் கொண்டுபோனேன். "வாங்க அண்ணி, என்ன இவ்வளவு தூரம்?" என்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் எழுந்தாள். இரண்டையும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் அன்று செய்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். நன்றாகக் கேட்க எனக்கு வரவில்லை, திக்கித் திணறித்தான் கேட்டேன். அவள் கீரையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். "அன்னிக்கு தாலி கட்டினதே எனக்குத் தெரியல அண்ணி. நான் உக்காந்த எடத்துக்கு முன்னால தூணு. கெட்டிமேளம் கேட்டுத்தான் அட்சதை போட்டேன். அது தூணுல பட்டு என் காலுலயே விழுந்திச்சு." ஒரு கீரைத் தண்டை ஒடித்துப் போட்டுவிட்டு, "மகேன்தான் வந்து சொன்னான். தலையத் தூக்கவே இல்ல. பாவம், அவனுக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு" என்றாள். மகேன், அந்தக் கண்ணீரை நீ என்ன செய்தாய்? எனக்குச் சொல். நான் உன்னைக் கெடுத்தேன், ஒத்துக்கொள்கிறேன். அந்த வேலையை உன் கையில் கொடுத்தவள் நான். செய்யக் கூடாத வேலை என்று உனக்கு அப்போதே தெரிந்திருந்தது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

செமினியிலிருந்து வந்ததும் உன் கார்டுகளை மேசையில் பரப்பினேன். அச்சடித்த சேற்றின் மேல் வாட்டர்கலர் மஞ்சள் எடுபடாது, அடியில் உள்ள நிறம் தெரியும். அதனால் வெள்ளை கலந்த கெட்டிச் சாயம் வாங்கி வந்தேன். நல்லவேளையாக நீ பளபளப்பில்லாத தாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய், பிடிக்கிறது. ஒவ்வொரு கார்டாக எடுத்து, இடது பக்கம், தண்ணீர் தொடங்கும் இடத்தில், உன் அக்காவைத் திரும்ப வைத்துக்கொண்டிருக்கிறேன். முதல் இருபது முப்பதில் கொஞ்சம் குண்டாக இருப்பாள், பிறகு கை பழகிவிட்டது. கழுத்து வலிக்கிறது. நேற்று ரேணு வேலை முடிந்து வந்தாள். திட்டுவாளோ என்று பார்த்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, எங்கள் பங்குக்கும் போட்டுக் கொடுங்கள், காய்ந்ததை நான் அடுக்குகிறேன் என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. உனக்கு இந்தப் பெண் கிடைத்தது உன் யோக்கியதைக்கு ரொம்ப அதிகம் என்று அவளிடமே சொன்னேன். சிரித்தாள்.

கார்டை நான் சரிசெய்வேன். முடிச்சை என்னால் சரிசெய்ய முடியாது. மண்டபம் அதே மண்டபம்தான், உன் அக்கா கல்யாணத்துக்குப் பிடித்த அதே கிள்ளான் மண்டபம். தூண் இன்னும் அங்கேயே இருக்கிறது, போன வாரம் பூக்காரரோடு போனபோது பார்த்தேன். உன் அக்காவின் டியூட்டி பட்டியல் வரும் திங்கட்கிழமை முடிவாகிறது. அதற்குள் அவள் வீட்டுக்கு நீ நேரில் போக வேண்டும். போனில் இல்லை, வாட்ஸ்அப்பில் இல்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூ, புடவை வைத்துக்கொண்டு, ஓர் அக்காவை எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படிக் கூப்பிட வேண்டும். முடிச்சுப் போட மாட்டேன் என்று அவள் சொன்னால் அது அவள் இஷ்டம். அதைச் சொல்லும் உரிமை அவளுக்கு இருக்கிறது, அவளுக்குப் பதிலாகச் சொல்லும் உரிமை உனக்கு இல்லை. நீ போகவில்லை என்றால் நான் மேடை ஏற மாட்டேன். நீ எடுத்துக் கொடுத்த பட்டைக் கட்டிக்கொண்டு வந்து, அந்தத் தூணுக்குப் பின்னால் பாக்கியத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. உட்கார்ந்துவிடுவேன்.

அன்று மண்டபத்தில் உன் தோளைத் தொட்டு அனுப்பினேன், ஏன் மா என்று ஒரு வார்த்தை கேட்காமல் போனாய். இன்றைக்கும் அனுப்புகிறேன். முதலில் செமினிக்குப் போ. அங்கிருந்து நேராக ஷா ஆலமுக்குப் போ. இரண்டு பேரையும் முன்னால் வந்து உட்காரச் சொல்லிவிட்டு வா. இந்தத் தடவையும் ஒரு வார்த்தை கேட்காமல் போ.

அம்மா